அண்டாவைத் திருப்பிக் கேட்கப் போன தூதன்

இஸ்ரவேல் ராஜ்யம் இரண்டாக உடைந்த கதையைப் பிரசங்கிக்கிற எவரும், வடக்கே பிரிந்து போன ராஜா செய்துவைத்த பொன் கன்றுக்குட்டிகளைத்தான் திட்டுவார்கள். கன்றுக்குட்டி பிறகு வந்தது. முதலில் வந்தது ஒரு திமிர் பிடித்த பதில். சுமையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்க வந்த ஜனங்களிடம், என் அப்பாவைவிட நான் மோசமானவன் என்று மார்தட்டினான் தெற்கே இருந்த ராஜா ரெகொபெயாம். ஜனம் போய்விட்டது. அப்போதும் புத்தி வராமல், வேலை வாங்கியும் வரி வாங்கியும் அவர்களைப் பிழிந்த அதிகாரியையே தூது அனுப்பினான். கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா ரதத்தில் ஏறித் தப்பித்துக்கொண்டான். கிளம்பும்போது அந்த அதிகாரி ஓட வழி பார்த்து வைத்தானா என்று எங்கும் எழுதியில்லை. அவனைப் போலத் தூது போனபோது நான் பார்த்து வைத்தேன்.

திருவனந்தபுரத்தில் எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. மாதத்தில் ஒரு ஞாயிறு வேதபாடத்தை மலையாளத்தில் வாசிக்கலாமா என்று அவர்களுக்காகக் கேட்டவன் என் மனைவியின் தம்பி. கமிட்டித் தலைவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அதிகாரத்திலிருந்து ஓய்வு பெறாதவர், சொன்ன பதில்: "தமிழ் வாசிக்கத் தெரியாதவன் இனி பாடகர் குழுவுலயும் நிக்கப்படாது."

பாதிச் சபை எழுந்து மச்சினன் பின்னால் போய், தம்பானூரில் ஒரு லாட்ஜ் ஹாலில் கூட ஆரம்பித்தது. என் மனைவியும் போனாள். நான் போகவில்லை. கொள்கை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். தலைவரைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அந்தக் கொள்கை. தலைவர் அந்தப் பதிலைச் சொன்னபோது நான் கமிட்டியோடு நின்று காப்பி குடித்த செய்தி காதுக்கு எட்டியதும், அவள் துணிமணியோடு தம்பி வீட்டுக்கே போய்விட்டாள். சமையலறையில் எனக்கும் காஸ் அடுப்புக்கும் இடையே மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இருந்தது.

இந்த நிலையில் அசனம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சபை முழுதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டிறைச்சிக் குழம்பும் சாப்பிடுகிற விருந்து. பக்கத்து இலைக்காரனிடம் உப்பு கேட்டே ஆகவேண்டும் என்பதால் எத்தனையோ சண்டைகள் அங்கே முடிந்திருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, மச்சினன் அதே ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் இன்னோர் அசனம் வைத்தான். ஜனம் பழைய பண்டிகைக்குத் திரும்பினால் மனசும் திரும்பிவிடும் என்று பயந்துதான் வடக்கு ராஜாவும் தனிப் பண்டிகை வைத்தான். போதாக்குறைக்கு, சபையின் பெரிய அண்டாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான்.

சனிக்கிழமை தலைவர் என்னைப் பார்த்தார். "உம்ம மச்சினன் தானவே? நீர்தான் போய் வாங்கிட்டு வரணும்."

போனேன். ஹால் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. ஓட வேண்டியிருந்தால் நேரம் மிச்சம். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். எல்லார் கையிலும் கத்தி. கல்லே மேல் என்று தோன்றியது.

"வாங்க அத்தான்," என்றான் மச்சினன். "அண்டாவுக்கா வந்தீங்க, அக்காவுக்கா?"

சிரிப்பு. பயந்தால் எனக்குப் பிரசங்கம் வரும். வந்தது. "தெற்கு ராஜா படை திரட்டினப்போ ஒரு தீர்க்கதரிசி வந்து, அவங்க உங்க சகோதரங்க, சண்டை வேண்டாம், வீட்டுக்குப் போங்கன்னான். எல்லாரும் கேட்டாங்க. திரும்பிப் போயிட்டாங்க."

"மதி, போதும் அத்தான். அப்போ நீங்களும் திரும்பிப் போங்க."

கத்தியைக் கீழே வைக்காமலே என் மனைவி கேட்டாள்: "வீட்டுக்குப் போனாங்க, செரி. போனவங்க பிறகு ஒண்ணாச் சேர்ந்தாங்களா?"

சேரவில்லை. கடைசிவரை சேரவில்லை. வடக்கை ஓர் அந்நிய ராஜா வந்து அள்ளிக்கொண்டு போனான், தெற்கை இன்னொருவன். அதை அவளும் படித்திருக்கிறாள்.

"கல்லெறியாம இருக்கது சமாதானம் இல்ல, கேட்டீங்களா. தலைவர் அந்தப் பதிலைச் சொன்னப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? வாயில என்ன இருந்துது?" என்றாள்.

காப்பி இருந்தது.

வெறுங்கையோடு திரும்பினேன். தலைவர் கேட் அருகிலேயே நின்றார். "அண்டா எங்கவே? நீர் எந்தப் பக்கம்?"

நியாயமாக மழுப்பியிருக்க வேண்டும். குரல் பதினாலு வயசுப் பையனுக்கு உடைகிற மாதிரி உடைந்தது. "அந்தப் பதிலை நீங்க சொல்லாம இருந்தா அண்டா இங்கயே இருந்திருக்கும். போய்த் தப்புன்னு சொல்லுங்க. ஒரு ஞாயிறுதானே கேட்டாங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு இங்க உமக்கு இலை கிடையாது."

மறுநாள் லாட்ஜ் ஹாலில் பந்தியின் கோடியில் உட்கார்ந்தேன். யாரும் வா என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். குழம்பு வாளியோடு வரிசையாக வந்த மனைவி என் முன்னால் நின்றாள்.

"சொல்லிட்டீங்களாமே, அவர்கிட்ட."

"சொன்னேன். என்ன சொன்னேன்னு பாதி ஞாபகமில்ல."

"வந்து தப்புன்னு சொல்வாரா?"

"மாட்டாரு."

"அப்போ சபை ரெண்டாத்தான் இருக்கும்," என்று குழம்பை ஊற்றினாள். "சாயங்காலம் ஆட்டோ கூட்டிட்டு வாங்க. துணிப்பெட்டி கனமா இருக்கு."