குப்பைமேட்டில் வைத்த பெயர்

என் பெயரில் குப்பை இருக்கிறது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களும் பத்து நாள் தாண்டவில்லை. அதனால் நான் பிறந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணாகிராமம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த குப்பைமேட்டில் என்னைப் போட்டுப் புரட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னை எடுத்துக்கொள்ள, அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்து அம்மா திரும்ப வாங்கினாள். வேண்டாத பிள்ளை என்று நினைத்து சாவு போய்விடுமாம். அதற்குத்தான் இந்தப் பெயர்.

அண்ணன்கள் செத்தது ஜன்னியில். கதிர் அறுக்கும் அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்திருக்கிறார்கள். அடுத்துப் பெண்ணாக நான் கடலூரில் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அங்கே கொதிக்க வைத்த கத்தரிக்கோல் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். அம்மா கடைசிவரை குப்பைமேட்டைத்தான் கும்பிட்டாள்.

செம்மண்டலத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். சேர்க்கைப் பதிவேடு எழுதுவது என் வேலை. முதலில் தாத்தா பாட்டி பெயர்களும் சாமி பெயர்களும் வந்தன. பிறகு தூய தமிழ்ப் பெயர்கள். பிறகு சினிமாக்காரர்களின் பெயர்கள். இப்போது என்ன அர்த்தம் என்று கேட்டால் பெற்றவர்களே போனைத் தட்டிப் பார்க்கிறார்கள். என் பெயரைக் கேட்டு ஒரு குழந்தையும் சிரிக்காமல் இருந்ததில்லை. அதனால் என் மகளுக்கு அந்தக் காலத்தில் எல்லாரும் வைத்த பெயரையே வைத்தேன். அவள் வகுப்பில் அதே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். இருக்கட்டும், யாரும் சிரிக்கவில்லை.

மகளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தேன். முதல் பிள்ளைக்கு ஏழாம் மாசத்திலேயே எண்கணிதக்காரனிடம் பெயர் வாங்கி, வெள்ளி அரைஞாணில் பொறித்து வைத்தார்கள். பிள்ளை மூன்று நாள் இருந்தது. இரண்டாவது வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவது பெண், எட்டு மாசத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். என் நடுவிரல் நீளம் கூட இல்லை அவள் பாதம்.

சம்பந்தியம்மா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே குப்பைமேட்டு மண். பிள்ளையைப் புரட்ட முடியாது, பெட்டிக்குள் துணியில் ஒரு சிட்டிகையாவது வைக்கலாம் என்றார். நான் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன்.

"உங்களுக்கு செஞ்சாங்க, நீங்க இருக்கீங்க இல்ல? என் பேத்திக்கு மட்டும் ஆவாதா?" என்றார்.

"கைகழுவாம உள்ளேயே விட மாட்டேங்கிறாங்க. மண்ணு எடுத்துக்கினு வந்துட்டீங்க" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிஎட் படித்தவள், அறிவியல் பாடம் எடுப்பவள். அன்று மத்தியானம் என் கையைப் பிடித்தாள்.

"மண்ணு வேணாம்மா. உன் பேர மட்டும் வச்சிடலாம்."

முடியாது என்றேன். அந்தப் பெயரோடு நான் பட்டதெல்லாம் உனக்குத் தெரியாதா என்றேன். கத்தரிக்கோல் கதையை மறுபடி சொன்னேன்.

"தெரியும்மா. எல்லாம் தெரியும். நல்ல பேரா வச்சிப் பாத்துட்டேன் இல்ல."

நர்சிடம் போய் நானே சொன்னேன். அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டாள். பெட்டியில் ஒட்டிய சீட்டில் என் பெயர். என் மகள் அன்றைக்குத்தான் சாப்பிட்டாள். அடுத்த நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புத்தி கெட்டுப்போய் நானும் நம்ப ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்பினேன்.

நான்காம் நாள் நுரையீரலில் சளி என்றார்கள். ஆறாம் நாள் காலையில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

பெயர் வைத்தால் போதுமா, மண் வைக்க விடவில்லையே என்று சம்பந்தியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மகள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்க யாரும் போகவில்லை. நான் போனேன். நகராட்சி ஆபீசுக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து முதலில் பெயரை எழுதினார்.

"பழைய பேரா இருக்குது. உங்க அம்மாங்களா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"கல்யாண சாவுதான், அழாதீங்கம்மா. வயசு எண்பது போடட்டுமா?"

"ஆறு நாள்" என்றேன்.

அவர் சீட்டை மறுபடி படித்தார். வயது என்ற இடத்தில் ஆறு என்று எழுதி, வருடம் என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு நாள் என்று போட்டார். பிறகு தலை நிமிராமல், பெயர் சரிதானா என்று கேட்டார்.

சரிதான் என்றேன்.