இலையை மடித்தவர்

வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் தாதியாக, ஊர் வாயில் 'மிஸ்ஸி'யாக, இருக்கிறேன். சோதனைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே போன் போட்டு, எதைச் சாப்பிடக் கூடாது, எதைக் கழற்ற வேண்டும், யாரைத் துணைக்கு அழைத்து வர வேண்டும் என்று ஓத வேண்டும். சொன்னதையே சொல்லித் தொண்டை வற்றும் சக பாவிகளே, நீங்களாவது நம்புவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யார் சாப்பிட்டது?

புலாவ் செபாங்கில் தனியாக இருக்கும் பாக்கியம் அக்காவுக்கு வாந்தியில் இரத்தம். கட்டியா, புண்ணா என்று வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். மயக்க ஊசி போட்ட நேரத்தில் வயிற்றில் சோறு இருந்தால் மேலே வந்து மூச்சை அடைத்துவிடும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். ஊசியை எடுக்கும்போது அக்காவிடமிருந்து கருவாட்டுக் குழம்பு ஏப்பம் வந்தது. டாக்டர் சோதனையைத் தள்ளிப்போட்டார். வசவு எனக்கு.

விசாரித்தால், இறந்துபோன புருஷனுக்குத் தினமும் காலையில் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து அதைச் சாப்பிடுவது வழக்கமாம். அது தப்பு என்று எவ்வளவு சொல்லியும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எங்க மிஸ்ஸி சாப்பிட்டேன்? அது அவரு சாப்பிட்ட மிச்சம்லா, அதெப்படி என் சாப்பாடாகும்?"

போனை எடுத்தவர்

அடுத்த தவணைக்கு முதல் நாள் மதியம் அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஓர் ஆண். கரகரத்த குரல், நடுநடுவே இருமல். அக்காவின் அண்ணனாக இருக்கும் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். போன தடவைக் கோபம் இன்னும் ஆறாததால், படையலும் கூடாது, இந்த முறையும் தள்ளிப்போனால் அக்கா உயிருக்கே ஆபத்து என்று வெடுக்கென்று சேர்த்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் மறுபடி ஓர் இருமல். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "சரி மிஸ்ஸி, நான் பசியோட இருந்துக்கிறேன். அவ பொழைச்சா போதும்."

மறுநாள் காலை

அக்கா வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்தார். உங்கள் அண்ணன் பொறுப்பானவர் என்றேன். தனக்கு அண்ணனே இல்லை என்றார். நேற்று முழுக்கப் போன் தன் கைப்பையில்தான் இருந்ததாம், அடிக்கவே இல்லையாம். பின்னே எப்படிச் சாப்பிடாமல் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"காலைல படைச்சிட்டுக் கதவைத் திறந்தேன் மிஸ்ஸி. சோறு அப்படியே இருக்கு, எல மட்டும் மடிச்சிருக்கு. அவரே வேணாங்கிறப்போ நான் எப்படித் திங்கிறது?"

துணைக்கு ஆள்

மயக்க ஊசி போட்டுக்கொண்டவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அக்காவின் மகளுக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. ஆள் இல்லையென்றால் சோதனை இல்லை என்றார் டாக்டர். இன்னொரு முறை தள்ளினால் அக்கா தாங்கமாட்டார் என்று, அன்றைக்கு நானே துணை என்று சொல்லித் தொலைத்தேன். நல்ல வேளை, வெறும் புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்றார் டாக்டர். அக்காவைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போய், முதலில் ஒரு வாய் தண்ணீர், அப்புறம் ஆறிய கஞ்சி என்று முறைப்படி கொடுத்தேன். உள்ளறையில் யாரோ இருமினார்கள். போனில் கேட்ட அதே இருமல். கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். அக்கா மட்டும் நிதானமாக இன்னொரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "அவருக்கும் கொஞ்சம் ஊத்துங்க மிஸ்ஸி, எனக்காகப் பட்டினி கெடந்தாரு."

இத்தனை வருஷத்தில், நான் போனில் சொன்னதைச் சொன்னபடி கேட்டு நடந்த ஒரே ஆள் அவர்தான்.