ஸ்டான்லியை மன்னிக்க நீங்கள் யார்?

நாலு மணி வெயிலில் வெந்து கிடக்கும் சிமெண்டுத் தரையில் பந்து அடித்து அடித்து எழும்பும் ரப்பர் வாசனையை, எங்கள் ஊரில் வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். தக்கலைக்குப் பக்கத்தில், தேவாலயத்தை ஒட்டி இருந்த அந்தக் கூடைப்பந்துத் திடலுக்கு எங்கள் பேச்சில் "கோர்ட்டு" என்று பெயர். பள்ளி விட்டதும் பையைக்கூட வீட்டில் போடாமல் அதன் மதிலில் ஏறி உட்கார்ந்துவிடும் பிள்ளைகளில், ஒன்பது வயது நானும் ஒருத்தி. நாங்கள் பார்க்கப் போனது காலேஜ் அணியின் கேப்டன் ஸ்டான்லியை. அவன் முடி வெட்டிக்கொண்ட மாதிரியே மறுவாரம் ஊரில் பாதிப்பேர் வெட்டிக்கொண்டு வருவார்கள். அதே அணியில் என் அண்ணன் எட்வினும் ஆடினான். அவனைப் பார்ப்பதற்காக யாரும் மதில் ஏறியதில்லை, நான் உட்பட.

அந்த வருடம் காலேஜ்களுக்கு இடையிலான இறுதி ஆட்டம் நாகர்கோவிலில். ஊரில் பாதிப்பேர் வேன் பிடித்துப் போக, மீதிப்பேர் தேவாலயத்தில் உபவாச ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். பரீட்சை, ஆபரேஷன், விசா என்று எது வந்தாலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபிப்பது எங்கள் வழக்கம். ஆடப்போகிறவர்களும் பட்டினி கிடக்க வேண்டும் என்று சபைப் பெரியவர்கள் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் கூத்து. அம்மா ஜெபத்தில் இருந்த மத்தியானம், அண்ணன் அடுக்களையில் நின்றபடியே மரச்சீனிக் கிழங்கையும் சாளை மீன் கறியையும் அள்ளித் தின்றான். நான் பார்த்துவிட்டேன்.

"ஆருகிட்டயும் சொல்லாத பிள்ளே. வெறும் வயித்தோட எப்பிடி ஓடுகது?" என்றான்.

ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கையில் நம் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஸ்டான்லி பந்தை அண்ணனுக்கு எறிந்தான். மார்புக்கு வரவேண்டிய பந்து கணுக்காலுக்கு வந்தது. அண்ணன் குனிவதற்குள் காலில் பட்டுக் கோட்டுக்கு வெளியே ஓடியது. தோற்றோம். "நான் குடுத்தேன், அவன் பிடிக்கல்ல" என்று ஸ்டான்லி தரையில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுதால் ஊரே அழும், அழுதது.

ஆனால் ஜெபித்த ஜெபம் வீணாய்ப் போகுமா? போகாது என்றால், யாரோ ஒருவருடைய பாவம் நடுவில் நின்றிருக்க வேண்டும். மறுவாரம் தேவாலயத்து ஓய்வுநாள் பள்ளியில் எங்கள் டீச்சர் ஒரு வேதாகமக் கதையைச் சொல்லிவிட்டு, "கூட்டத்தில ஒருத்தன் கட்டளைய மீறினா மொத்தக் கூட்டமும் தோக்கும். நம்ம கூட்டத்தில மீறினது ஆருண்ணு தெரியுமா?" என்று கேட்டார். அது கதைக்காகக் கேட்ட கேள்விதான். நான் கை தூக்கினேன். சரியான பதிலுக்குக் கொடுக்கும் வண்ணப் பட அட்டை ஒன்று எனக்குக் கிடைத்தது.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணன் கோர்ட்டுப் பக்கம் போனால் மதிலிலிருந்து "ஏலே, மரச்சீனி வருது!" என்று கூவினார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். அப்பா அவனிடம் பேச்சை நிறுத்தினார். படிப்பை முடிக்காமலே வளைகுடாவுக்கு விமானம் ஏறினான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொட்டு யாரும் பார்க்கவில்லை.

போன வருடம்தான் ஸ்டான்லி ஒரு யூடியூப் பேட்டியில் வாய் திறந்தான். எதிரணிக் காலேஜில் வேலை தருவதாகச் சொன்னார்களாம், அதற்காக அந்தப் பந்தைத் தெரிந்தே தாழ்வாக எறிந்தானாம். இப்போதும் அழுதான். பழைய ரசிகர்கள் ஒரு வாரம் வாட்ஸ்அப் குழுவில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இரண்டாவது வாரமே, "மன்னிக்க வேண்டாமா, நாம என்ன மக்கா அந்நியரா?" என்று தொடங்கிவிட்டார்கள். இப்போது புதுத் திடல் திறப்பு விழாவுக்கு அவனே சிறப்பு விருந்தினர். என் அண்ணன் மேடையேறி அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டுமாம், படம் எடுக்க வேண்டுமாம். அழைத்து வரும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மன்னிப்பதற்கு உங்களுக்கு என்ன போயிற்று? ஒரு கோப்பை போயிற்று, ஒரு வாரச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதானே! ஸ்டான்லி எறிந்தது ஒரே ஒரு பந்து. அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் மதிலில் உட்கார்ந்து எறிந்தது யார்? அவனை மன்னித்துவிட்டால் அந்தக் கணக்கும் சேர்ந்து தீர்ந்துவிடும் என்று பார்க்கிறார்கள். பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகக்கூட இல்லை. ஸ்டான்லியாவது கேமரா முன்னால் தன் வாயால் சொன்னான். இவர்கள் அதையும் செய்யவில்லை.

இந்தக் கோபத்தோடுதான், வளைகுடாவிலிருந்து திரும்பி அண்ணன் வைத்திருக்கும் வண்டி உதிரிபாகக் கடைக்குப் போனேன். அழைப்பிதழை வாங்கிப் பார்த்தான்.

"ஸ்டான்லி போன மாசம் இங்க வந்தான். இந்த ஸ்டூல்ல இருந்து அழுதான். செரி போட்டு, விடுலேண்ணு சொல்லி டீ வாங்கிக் குடுத்தேன்" என்றான். பிறகு, "ஊருக்காரங்க ஒருத்தரும் வரல்ல, கேட்டியா" என்றான்.

ஊர்க்காரர்களில் நானும்தானே சேர்த்தி. இத்தனை வருடத்தில் எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை கல்யாணம், ஒரு நாளும் என் வாயிலிருந்து அது வரவில்லை. "அண்ணே, ஓய்வுநாள் பள்ளியில சொன்னது நான்தான். மன்னிச்சிரு" என்றேன். ஒருவர் வந்து பிரேக் கேபிள் கேட்டார். எடுத்துக் கொடுக்க அண்ணன் உள்ளே போனான். அந்த ஆள் போன பிறகும் வேறு எதையோ அடுக்கிக்கொண்டு உள்ளேயே நின்றான்.

பழைய கோர்ட்டு இப்போது கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். மதிலை இடித்துவிட்டார்கள், எங்கே உட்கார்ந்து கூவினோம் என்று காட்டக்கூட இடமில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அன்று நான் கிளம்பும்போது, காலேஜில் படிக்கும் அண்ணன் மகள் கடைக்கு வந்தாள். மேசையில் கிடந்த அழைப்பிதழில் தன் அப்பாவின் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அத்தை, அப்பா பந்துகூட விளையாடுவாரா?"