இரண்டு முறை கொடுத்த ரேகை

கல்ஃபில் நர்ஸ் வேலை கிடைத்து என் மனைவி புறப்பட்டபோது மகளுக்கு ஒன்றரை வயது. அங்கே அவளுடைய அக்கா குடும்பம் இருந்ததால் பிள்ளையையும் கூடவே கூட்டிப்போனாள். அப்பாவுக்குக் கால்முட்டு ஆபரேஷன் முடிந்து அவர் எழுந்து நடக்கும்வரை நான் இங்கே இருப்பதாகப் பேச்சு. நாலு மாதம் என்று சொன்னது இரண்டு வருடமாக இழுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் பார்ப்பேன். பிள்ளையைத் தூக்கக் கை பரபரக்கும்.

என் வேலை வீட்டிலிருந்தேதான். ஒரு கம்பெனி மெஷின் எடுத்த விரல்ரேகையை இன்னொரு கம்பெனி மெஷினும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கான பொது விதிகளை எழுதும் குழுவில் நானும் ஒருவன். ரேகைக்கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எந்தச் சாய்வில் போகிறது என்பதையெல்லாம் எண்களாக்கி அனுப்புவார்கள். சாய்வை ஒரு கூட்டம் வலப்பக்கத்திலிருந்து மேலே எண்ணும், இன்னொரு கூட்டம் கீழே எண்ணும். இந்த ஒரு விஷயத்துக்காக மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். பல தேசத்துக்காரர்கள், ஆளுக்கொரு பிடிவாதம். எனக்கும் குறைச்சல் இல்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் எனக்கு வேறொரு வேலை உண்டு. கீரிப்பாறை மலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் இருக்கின்றன. அப்பாவால் முடியாமல் போனதால் விடியும்போதே பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போடுவது என் தலையில் விழுந்தது. ரப்பர் பால் விரலில் பட்டால் ஈரத்தோடு கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போகாது, உரித்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது.

ஒருவழியாக அப்பா கம்பை விட்டு நடந்தார். நான் விசாவுக்கு எழுதிப்போட்டேன். ரேகை கொடுக்கத் திருவனந்தபுரம் வரச் சொன்னார்கள். அன்றைக்கும் பால் எடுத்து ஷீட் அடித்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு நாள் பாலை விட்டால் குடிமுழுகியா போகும்? அது அப்போது உறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: ரேகை தெளிவில்லை, மீண்டும் கொடுக்கவும். அடுத்த முறைக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இது சாய்வு எண்ணுகிற கோளாறுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். இங்கே மேலே எண்ணியதை அங்கே கீழே எண்ணியிருக்கிறார்கள், இதைத்தானே நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்! அடுத்த கூட்டத்தில் ஆதாரம் காட்டுவதற்காக, மேசையில் இருந்த சோதனை மெஷினில் என் கட்டைவிரலையே வைத்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அரைமணி நேரம் பேசினேன். எதிர்க்கட்சியில் இருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நடுவில் ஒரு திட்டு, கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தது. "சாய்வு இருக்கட்டும். உங்கள் விரலில் பசை மாதிரி ஏதோ இருக்கிறதே?" என்று கேட்டார்.

நகத்தால் சுரண்டினேன். மெல்லிசாக, தோல் போலவே, ரப்பர் உரிந்து வந்தது. திருவனந்தபுரத்திலும் இதோடுதான் விரல் வைத்திருக்கிறேன். விரல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்று அந்த விதியில் ஒரு வரி உண்டு. எழுதியவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கேமராவை அணைத்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க? ஊருக்கெல்லாம் சட்டம் எழுதுதீங்க, சொந்தக் கையைக் கழுவத் தெரியல்லியா?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இன்னும் ரெண்டு மாசமா? பிள்ளை வளந்துட்டே போகுது, கேட்டீங்களா" என்றாள். ஒரு காலை நேரத்து ரப்பர் பாலுக்காக என் பிள்ளையின் இரண்டு மாதத்தைத் தொலைத்துவிட்டேன் என்று அழுகைதான் வந்தது.

அதன்பின் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. பால் வெட்ட ஆள் வைத்தோம். தேங்காய் எண்ணெய் தடவித் தடவி விரலைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது ரேகை தேறியது, விசாவும் வந்தது.

மனைவி இருந்த ஊர் விமான நிலையத்தில் ரேகை மெஷினின் கண்ணாடியில் விரல் வைத்தேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. இங்கே எடுத்த ரேகையை அங்கே படித்துவிட்டார்கள். எங்கள் சண்டையெல்லாம் எதற்காகவோ அது நடந்துவிட்டது. பெட்டியைக்கூட ஒழுங்காகப் பிடிக்காமல் வெளியே ஓடினேன்.

மனைவி நின்றிருந்தாள். மகள் அவள் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். நான் குனிந்து கை நீட்டினேன். வரவில்லை. "அப்பா வந்திருக்காங்க மக்கா, போ" என்று மனைவி தள்ளிப் பார்த்தாள். பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அம்மாவின் பையில் கையை விட்டுப் போனை எடுத்து நீட்டினாள்.

"அப்பாவைக் கூப்பிடும்மா. ஒரு அங்கிள் வந்திருக்காங்கன்னு சொல்லணும்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீடியோ போட்டுக் கொடுத்தாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்து, இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, "மக்கா" என்றேன்.

"அப்பா!" என்று குதித்தாள், போனைப் பார்த்து.