வளைவுக்குக் காசு தராதவள்

செந்தூரான் நகரில் மலர்க்கொடியைப் பற்றிக் கேட்டால் முதலில் ஒரு 'உச்' கொட்டுவார்கள். பிறகு, "அந்தம்மாவா, அது யாருக்கும் அடங்காது" என்பார்கள். அதைப் புகாராகச் சொல்கிறவர்களும் உண்டு, பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு கட்சிக்கும் காரணம் ஒன்றுதான்: நகர் முகப்பில் நிற்கிற அந்த வளைவு.

மலர்க்கொடி வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பிறந்த பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி, வராந்தாவில் தவித்துக்கொண்டிருப்பவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது அவள்தான். அந்தக் கையால் வாங்காத பிள்ளை வடசென்னையில் குறைச்சல் என்று அவளே சொல்லிக்கொள்வாள். கணவர் சுப்பராயன் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் லேத்து ஓட்டுகிறவர். பேச வேண்டியதையெல்லாம் மனைவி பேசிவிடுவதால் வாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்ட மனிதர்.

சீட்டு பிடித்து, பி.எஃப். கடன் போட்டு, இரண்டு பேருமாகச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டினார்கள். தெருவின் கடைசி மனை. "ராசியான மூலை" என்று புரோக்கர் விற்றார். நகரில் விழுகிற மழைத்தண்ணீர் மொத்தமும் அந்த ராசியான மூலைக்குத்தான் வந்து சேரும் என்பதை அவர் சொல்லவில்லை. மழைத்தண்ணீர் மட்டும் வந்தால் பரவாயில்லை. மேட்டு வீடுகளின் செப்டிக் டேங்குகள் நிரம்பி, அதுவும் கலந்துகொண்டு வரும். ஒவ்வொரு ஐப்பசியிலும் மலர்க்கொடி கட்டிலைச் செங்கல் மேல் தூக்கிவைத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் நின்று சமைத்தாள். வியாசர்பாடியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தபோதுகூட தரை ஈரமாகப் படுத்ததில்லை. சொந்த வீடு கட்டி இந்தக் கதி என்பதுதான் அவளுக்கு ஆறவே ஆறாத கோபம்.

நகருக்கு மனை உரிமையாளர் நலச்சங்கம் ஒன்று இருந்தது. தலைவர் ஆறுமுகநயினார், தூத்துக்குடிப் பக்கம். மார்க்கெட்டில் கம்பி, ஆங்கிள் மொத்த வியாபாரம். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து பந்தல் போட ஏற்பாடு செய்வார். ஆனால் தன் மனதுக்குப் பட்டதை நகருக்கே பட்டதாக நினைத்துக்கொள்வார். கால்வாய் வெட்டுவதற்கென்று சங்கம் வருஷக்கணக்காகப் பணம் சேர்த்து வைத்திருந்தது. மலர்க்கொடியும் மாதம் தவறாமல் கொடுத்துவந்தாள்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த 2004-ஆம் வருஷக் கோடையில், தலைவர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் நடந்தது. போண்டாவும் டீயும் வந்ததுமே மலர்க்கொடிக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்து நகர்க்காரர்கள் முகப்பில் வளைவு கட்டிவிட்டார்களாம், நாமும் கட்ட வேண்டுமாம். பளிங்குக் கல்லில் எல்லா வீட்டுக்காரர்கள் பெயரையும் வெட்டி, தங்கக் கலரில் எழுதுவார்களாம். மார்க்கெட்டுக்குப் போகிற இரும்பு லாரிகள் குறுக்குவழி என்று நகருக்குள் புகுந்து ரோட்டைப் பாழாக்குகின்றன அல்லவா, வளைவைச் சற்றுத் தாழ்வாகக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லையும் ஒழிந்தது என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். கால்வாய்ப் பணம் இதற்குப் போகும், பற்றாததற்கு வீட்டுக்கு வீடு கொஞ்சம் போட வேண்டும்.

மலர்க்கொடி எழுந்தாள்.

"அண்ணாச்சி, கால்வா இன்னா ஆச்சு?"

"அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்மா. இப்பம் நமக்கு ஒரு அடையாளம் வேணும்லா. வளைவு இல்லாத நகர்னா ஒரு மதிப்பு இல்ல, பாத்துக்கிடுங்க."

"மதிப்பு வந்து மழைய நிறுத்துமா? எம்பொண்ணு மதி ஐப்பசில புள்ள பெத்துகினு வர்றா. அந்தப் புள்ளய எங்க போடறது? உங்க வளைவு மேலயா?"

மாடியே சிரித்தது. தலைவரும் சிரித்தார். மலர்க்கொடி சிரிக்கவில்லை. "கால்வாக்குன்னு வாங்குன துட்டு. அதுல வளைவு கட்டறது உங்க இஷ்டம்னா, மேல துட்டு குடுக்காதது என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, போண்டாவைத் தொடாமல் இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வம்பு. குடிநீர் லாரி வந்தால் யார் யார் எந்த முறையில் பிடிப்பது என்று சங்கம்தான் ஒழுங்கு செய்யும். வளைவுக்குத் தராதவர்களுக்குக் கடைசி முறை என்று புதிதாக ஒரு விதி முளைத்தது. தராதவர் ஒரே ஒருத்திதான். கடைசி முறைக்கு டேங்கரில் காற்றுதான் மிச்சமிருக்கும். மலர்க்கொடி வேலை முடிந்து வந்து, மெயின் ரோட்டு அடிபம்பில் இடுப்பு ஒடிய அடித்துத் தூக்கிவந்தாள்.

"குட்த்துட்டு போயேன் மலரு. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார் சுப்பராயன்.

"எனுக்குத் தெரியாம நீ குட்த்த, இந்த வூட்ல உனுக்குச் சோறு கெடையாது" என்றாள். சுப்பராயன் மறுநாளிலிருந்து தானும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த ஆதரவு அதுதான்.

வளைவு எழுந்தது. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு அகலமான பீடம், அதன் மேல் தூண், வழுவழுவென்று டைல்ஸ், உச்சியில் இரண்டு சிமெண்டு மயில்கள், பீடங்களில் மழை படாமல் சின்னதாக ஒரு கூரை. இடதுபுறப் பீடத்தின் முகப்பில் பளிங்குக் கல். தலைவரில் தொடங்கி எல்லோர் பெயரும் இருந்தது, மலர்க்கொடி வீட்டுப் பெயர் தவிர. ரிப்பன் வெட்டி, மேளம் கொட்டி, சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் தண்ணீர் லாரி வந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக் அடித்து நின்றது. டிரைவர் ஜஹாங்கீர் இறங்கி, டேங்கர் உச்சியையும் மயில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள பூந்தா உங்க மயிலு என்கூட வந்துரும். பரவால்லியா?" என்று கேட்டார்.

இரும்பு லாரியை நிறுத்துகிற உயரம் தண்ணீர் லாரியையும் நிறுத்தும் என்பது அந்த மாடியில் போண்டா தின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. சத்தியமாகச் சொன்னால் மலர்க்கொடிக்கும் தோன்றவில்லை. அதற்காக அவள் சிரிக்காமல் இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். நடுரோட்டில் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்து சிரித்தாள். அன்று லாரி வெளியே நின்றது. ஜஹாங்கீருக்குச் சங்கத்தின் விதியெல்லாம் தெரியாது. யார் குடம் முன்னால் இருந்ததோ அவருக்கு முதல் தண்ணீர். மலர்க்கொடி குடம் முன்னால் இருந்தது.

மறுபடி கூட்டம். வளைவை இடித்து உயர்த்தலாம் என்றார் ஒருவர். தங்கக் கலரில் தன் பெயர் மின்னுகிற கட்டடத்தை இடிக்க யாருக்கு மனசு வரும்? கடைசியில் ஒரு யோசனை பிறந்தது: வளைவை ஏன் தொட வேண்டும், கீழே ரோட்டைத் தோண்டிப் பள்ளமாக்கினால் லாரி குனிந்து போய்விடாதா? இதற்கும் கை தட்டினார்கள். இதற்கும் வீட்டுக்கு வீடு காசு.

"கட்டறதுக்கும் குடுக்கல, நோண்டறதுக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள் மலர்க்கொடி.

தோண்டினார்கள். லாரி பள்ளத்தில் இறங்கி, மயிலுக்கு அடியில் நூலிழையில் நுழைந்து, அந்தப் பக்கம் ஏறியது. நகரே விசில் அடித்தது. மலர்க்கொடிக்குப் பழையபடி கடைசி முறை. பல்லைக் கடித்துக்கொண்டு அடிபம்புக்குப் போனாள். அவளுடைய கவலையெல்லாம் ஐப்பசிதான். மாதவரத்தில் புருஷன் வீட்டில் இருந்த மதிக்கு வயிறு இறங்கத் தொடங்கியிருந்தது.

ஐப்பசி வந்தது, பஞ்சத்துக்கெல்லாம் சேர்த்துவைத்துக் கொட்டுகிற மாதிரி மழையும் வந்தது. அந்த மழையில்தான் மதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் வாங்கிய கையாலேயே தன் பேரனையும் வாங்கினாள். சுகப்பிரசவம். வீட்டுக்கு அனுப்பிய அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நகருக்கு வந்தாள்.

வளைவுக்கு முன்னால் ஆட்டோ நின்றது. தோண்டிய பள்ளம் குளமாகியிருந்தது. மயில்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர், கறுப்பாக, நாற்றத்தோடு. இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும், ஒரு அடி நகர மாட்டேன் என்று ஆட்டோக்காரர் கையை விரித்துவிட்டார்.

மலர்க்கொடி இறங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள், தெருக்கோடியில் தன் வீட்டைப் பார்த்தாள், பிறகு வளைவைப் பார்த்தாள். செந்தூரான் நகரில் காய்ந்து கிடந்த இடம் அது ஒன்றுதான். வலதுபுறப் பீடத்தின் மேல் கம்பளியை மடித்துப் போட்டாள். மதியை ஏற்றி உட்காரவைத்து, தூணோடு சாய்த்து, குழந்தையை நன்றாகப் போர்த்தி மடியில் வைத்தாள். தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னாமா இது, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மதி.

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான் கட்டிகீறாங்க."

பார்த்தார்கள். ஜன்னல் ஜன்னலாகத் தலை முளைத்து, பிறகு ஆட்களாக வந்து தண்ணீரில் நின்றார்கள். மாடியில் சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும். இப்போது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையோடு தலைவர் வந்தார்.

"என்னம்மா இது, பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு. எறங்குங்க. எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. எத்தன நாள் வேணும்னாலும் இருங்க. நான் தூக்கிக்கிட்டுப் போறேன் புள்ளய."

மனசாரத்தான் சொன்னார். அது மலர்க்கொடிக்கும் தெரிந்தது. மதியின் முகத்தில் ஒரு ஆசை எட்டிப் பார்த்ததும் தெரிந்தது.

"எனுக்கு வூடு கீது அண்ணாச்சி" என்றாள். "நானும் அவரும் கட்டுன வூடு. எம்பேரன் மொத மொதல்ல அங்கதான் போவான். நீங்க தண்ணிய வெளிய அனுப்புங்க, நாங்க வர்றோம். அதுவரிக்கும் இங்க குந்திகினு இருக்கோம். இதுக்கு நான் துட்டு குடுக்கல, வேணுன்னா வாடகை வாங்கிக்கங்க."

அப்போது தலைவரின் மனைவி தங்கபுஷ்பம், ஒரு கையில் போர்வையும் ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்குமாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சங்க விஷயத்தில் வாயே திறக்காத பெண். போர்வையை மதிக்குச் சுற்றிவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? மார்க்கெட்டுல அம்புட்டு ஆளு, அம்புட்டு கடப்பாரை வச்சிருக்கிய. மயிலு வைக்கத் தெரிஞ்சுது, ஒரு வாய்க்கால் கீறத் தெரியாதா? இந்தப் புள்ள இங்கன கெடந்தா நான் இன்னைக்கு அடுப்பு பத்த வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் கூட்டம் எதுவும் நடக்கவில்லை, கை தட்டலும் இல்லை. மார்க்கெட்டிலிருந்து லோடுமேன்கள் வந்தார்கள். நகர்க்காரர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். தெருவை விடப் பள்ளமான மெயின் ரோட்டோரப் பெரிய கால்வாயிலிருந்து தொடங்கி, தெருவின் இடதுபுறமாகவே ஆழமாகக் கீறிக்கொண்டு போனார்கள். முதல் இடைஞ்சலே வளைவின் இடதுபுறப் பீடம்தான். அதன் ஓரத்தை உடைத்தால்தான் தண்ணீர் வெளியே போகும். உடைத்தால் பெயர்க்கல் விழும்.

"தலைவரே, கல்லு?" என்று கடப்பாரையை ஓங்கியபடி ஒருவர் கேட்டார்.

ஆறுமுகநயினார் எதிர்ப் பீடத்தைப் பார்த்தார். குழந்தை கொட்டாவி விட்டது.

"எடுத்து ஓரமா வையி" என்றார்.

பொழுது சாய்வதற்குள் தெருவில் தரை தெரிந்தது. கடைசி வீடு வரைக்கும் வாய்க்கால் வந்துவிட்டதால், அதைத் தாண்டி மலர்க்கொடி வீட்டுக்குள் போக ஒரு பலகை வேண்டியிருந்தது. பலகை அகப்படவில்லை. யாரோ அந்தப் பளிங்குக் கல்லைத் தூக்கிவந்து, பெயர்கள் தெரியாதபடி குப்புறப் போட்டார்கள். சுப்பராயன் பினாயில் ஊற்றி வீட்டைக் கழுவித் தள்ளி, ஈரம் போகத் துடைத்திருந்தார். தங்கபுஷ்பம் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

மலர்க்கொடி அப்போதுதான் பீடத்தை விட்டு இறங்கினாள். பேரனை மார்போடு அணைத்துக்கொண்டு, மதியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, தெருவின் நடுவே நடந்தாள். கல்லைத் தாண்டி வாசலில் நின்று ஆரத்தி வாங்கிக்கொண்டாள். வலது காலை உள்ளே வைப்பதற்கு முன்னால், இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வளைவுக்குக் கேட்டு அவள் தராத அந்தப் பணத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணாச்சி. கால்வாக்கு. சிமிட்டி போட்டு நல்லாக் கட்டுங்க. மொத துட்டு என்னோடது."

"அந்தக் கல்ல எடுத்துட்டு, உங்க பேரையும் சேத்து வேற கல்லு போட்டுருவம்மா" என்றார் அவர்.

"பேரெல்லாம் வாணாம். கல்லு இங்கயே கெடக்கட்டும், வழிக்கு வசதியா கீது" என்று சொல்லிவிட்டு, மலர்க்கொடி பேரனோடு வீட்டுக்குள் போனாள். அவனைத் தரையில் பாய் விரித்துப் போட்டாள்.