அமினாத்தாவின் வீட்டை அளக்க வந்தவர்

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சாமான் கடையில் நிற்பவன் சாமான் விற்பது பாதி நேரம்தான். மீதி நேரம் ஊராரின் பாடுகளைக் கேட்பது. நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டியும் சொக்லேட்டும்

ஊருக்குப் போகிறவர்கள் எங்கள் கடைக்குப் பெட்டியோடுதான் வருவார்கள். புறநகரான கார்ஜிலிருந்து வந்த அக்கா ஒருவர் எட்டுக் கிலோ சொக்லேட் வாங்கி அடைத்து, பெட்டியை எங்கள் தராசில் வைத்தார். நிறை கூடிவிட்டது. கொஞ்சத்தை எடுத்துவிடுங்கோ என்றேன். அவர் தன் உடுப்புகளை எடுத்து வெளியே போட்டார்.

"உடுப்பு அங்கை வாங்கலாம், தம்பி. சொக்லேட் இல்லாமல் போனால் ஒருத்தரும் என்னோடை கதைக்க மாட்டினம்."

பலாப்பழம்

அந்தச் சொக்லேட்டை அடுக்கிக் கொடுத்தவள் அமினாத்தா. ஐவரி கோஸ்ட்காரி. ஆறு வருடமாக எங்களோடு வேலை. யாழ்ப்பாணத் தமிழில் எங்களையே ஏசுவாள். பலாப்பழம் வெட்ட அவளை மிஞ்ச ஆளில்லை. இப்படிக் கத்தி பிடிக்க எங்கே பழகினாய் என்று முதலாளி ஒருநாள் மெச்சிக் கேட்டார். அவள் இடது கையை நீட்டினாள். பெருவிரலிலிருந்து மணிக்கட்டு வரை பழைய வெட்டுத் தழும்பு.

"கொக்கோக் காய் உடைக்கேக்கை வெட்டினது, அண்ணை. அப்ப எனக்கு ஒன்பது வயசு."

அளக்க வந்தவர்

அவளுடைய மகள் மரியத்துக்குப் பத்து வயது. ஐவரி கோஸ்டில் அமினாத்தாவின் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவனுக்குக் கொக்கோத் தோட்டம். வரும் அறுவடைக்கு மரியமும் கத்தி தூக்கலாம், பூச்சிமருந்துத் தாங்கியும் சுமக்கலாம் என்று சொல்லிவிட்டான். அதற்குமுன் மகளை இங்கே எடுத்துவிட அமினாத்தா விசாவுக்குப் பேப்பர் போட்டாள். வீடு போதுமா என்று அளக்க மெரி என்கிற நகரசபையிலிருந்து ஆள் வருவதாகக் கடிதம் வந்தது.

பெரிய மனிதர் வருகிறார், அவளைத் தனியாக விடலாமா? கடையே திரண்டு, ரோல்ஸும் தேத்தண்ணியுமாகப் பியர்ஃபித்தில் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். ஏழு பேர். வந்தவர் எங்களையும் அந்த வீட்டில் குடியிருப்பவர்களாக எண்ணத் தொடங்கியபோதுதான் புத்தி வந்தது. பிள்ளையின் வரவை நாங்களே கெடுத்துவிடப் பார்த்தோமே! வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினோம். அளந்து முடித்து வெளியே வந்தவர், வாயிலிருந்த ரோல்ஸை விழுங்கிவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்:

"தாயும் மகளும் இருக்க இடம் போதும். உங்களுக்குத்தான் போதாது."

அண்ணனின் அழைப்பு

பேப்பர் சரிவந்தது. அறுவடைக்கு முன்பே மரியம் வந்து இறங்கிவிட்டாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எனக்கே நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

அறுவடை தொடங்கியதும், அவள் கடையில் நிற்கும்போது அண்ணன் போனில் அழைத்தான். தன் பிள்ளைகள் இரண்டு பேரும் காய் உடைத்தும் ஆள் போதவில்லையாம், மரியத்தை ஏன் கூப்பிட்டாய் என்று சண்டை. அமினாத்தா தன் பாஷையில் பதில் சொல்லிச் சொல்லி, கோபம் ஏறியதும் தமிழுக்கு மாறிவிட்டாள். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. எங்களுக்கு விளங்கியது.

"பத்து வயசுப் பிள்ளையை நம்பியோ தோட்டம் வைச்சனீங்கள்? முதல்லை உங்கடை ரெண்டையும் பள்ளிக்கூடம் விடுங்கோ!"

கடைக்காரன் காதில் விழும் பாடுகளில் நல்லபடி முடிவது நூற்றில் ஒன்று. அதையாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.