ரோசாவுக்கு உப்புப் பார்த்த கதை

மகளின் பிரசவத்துக்காக மனைவி கனடாவுக்குப் புறப்பட்டபோது, பிரிட்ஜின் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். பதினொரு கட்டளைகள். பத்து எனக்கானவை: காஸை மூடு, கதவைப் பூட்டு, பிரஷர் குளிசையைப் போடு என்ற மாதிரி. பதினோராவது மட்டும் ரோசாவுக்கு. அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

"காலமை ஒரு வாளி நல்ல தண்ணி. வேற ஒண்டும் ஊத்தக் கூடாது. புதுசா ஒண்டும் யோசிக்கவும் கூடாது."

விமான நிலையத்தில் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னாள்.

"நான் வரேக்க அது உயிரோட நிக்க வேணும். நீங்களும் நிண்டால் நல்லம்."

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் பெரிய பதற்றக்காரன். கரண்ட் நின்றால் முதலில் என் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். நின்றது எது என்று உறுதிப்படுத்த வேண்டுமல்லவா. கந்தோரில் மேலதிகாரி "ஒருக்கா வந்திட்டுப் போம்" என்றால், கதிரையிலிருந்து எழும்புவதற்குள் செய்த பிழை, செய்யாத பிழை எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கடிதம் மனதுக்குள் எழுதி முடித்துவிடுவேன். போய்ப் பார்த்தால் மனிதர் பேனை கேட்கக் கூப்பிட்டிருப்பார். இப்படிப்பட்ட ஒருவனிடம் ஓர் உயிரை நாலு மாதத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அதுவும் சாதாரண உயிரில்லை. நாங்கள் இருப்பது தீவில்; கரம்பொன்னில் எங்கள் வளவுக் கிணறு உவர்க்கிணறு. குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். அதில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் மட்டும் விருந்தாளி மறுமுறை வரமாட்டார். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். அந்த மண்ணில் மனைவி ஐந்து ரோசா நட்டாள். ஐந்தும் வரிசை குலையாமல் செத்தன. "தீவுக்குள்ள ரோசா வராது, விடும்" என்று நானும் சொன்னேன். மகள் கனடாவுக்குப் போன கிழமை, யாழ்ப்பாணத்துக்குப் போய் ஆறாவதை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒட்டுக்கன்று. ஒரு சீமெந்துச் சாடி, வலிகாமத்துச் செம்மண் இரண்டு உரப்பை, நாளுக்கு ஒரு வாளி பவுசர்த் தண்ணீர் என்று அதற்குத் தனி வாழ்க்கை அமைத்துக் கொடுத்தாள். அது பிழைத்தது. இளஞ்சிவப்பு. பூத்தால் வாசம் கேற்றடி வரைக்கும் வரும். ஒவ்வொரு பூவையும் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவாள். அந்தக் கிழமையில் ஏன் ரோசா வாங்கினாய் என்று நான் பகிடிக்குக்கூடக் கேட்டதில்லை.

ஒன்றரை மாதம் கட்டளைப்படி நடந்தேன். பிறகுதான் யோசித்தேன்.

போனில் ஒரு வீடியோ. மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினால் ரோசா கொத்துக்கொத்தாகப் பூக்கும் என்று ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற செடியில் இலையை விடப் பூ அதிகம். எனக்குள் ஒரு படம் ஓடத் தொடங்கியது: மனைவி கேற்றைத் திறக்கிறாள், பத்துப் பூ, பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். ஒரு சிக்கல்தான். நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறியிருந்தது. கொடியேறினால் திருவிழா முடியும் வரைக்கும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கிடையாது. மீனே இல்லாத வீட்டில் மீன் கழுவிய தண்ணீருக்கு எங்கே போவது?

கரைக்குப் போனேன். இரண்டு பிளாஸ்டிக் கானைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, யாரும் காணக்கூடாது என்று தலையைக் குனிந்தபடி. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன் அப்போதுதான் வள்ளத்தை இழுத்துவிட்டு மீனைக் கழுவிக்கொண்டிருந்தான். வேதக்காரர், மாதா கோயில் ஆட்கள்; அவர்களுக்குக் கொடியேற்றம் வேறு நாளில்.

"என்ன அண்ணை, நல்லூரில கொடியெல்லே ஏறியிருக்கு? மச்சம் எடுக்க வந்து நிக்கிறியள்!"

"சத்தம் போடாதையும். மீன் வேண்டாம். அது கழுவின தண்ணியை மட்டும் தாரும்."

"ஏன், தண்ணி சைவமோ?"

கரையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது.

"வீட்டில ஒரு தேவை. ஊத்தும், நான் கெதியாப் போக வேணும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு கானையும் நிரப்பித் தந்தான். வீட்டுக்கு வந்து ஒரு கானை அப்படியே சாடிக்குள் கவிழ்த்தேன். மிச்சத்தை நாளைக்கு என்று வைத்தேன். அன்று பின்னேரம் ரோசாவைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு, லொத்தர் விழுந்தவன் சிரிப்பு.

இரண்டாம் நாள் காலையில் இலைகளின் ஓரம் கருகியிருந்தது. அடுப்பில் மறந்துவிட்ட அப்பளம் போல. நான் முற்றத்தில் நின்று "ஐயோ" என்றது எனக்கு மெதுவாகத்தான் கேட்டது. ஆனால் எதிர்வீட்டுக்காரனின் மனைவி ஒழுங்கையைக் கடந்து ஓடிவந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணை, பாம்போ?"

"ரோசா!"

அவள் உள்ளே வந்தாள். மூக்கைச் சுளித்தாள். மண்ணைப் பார்த்தாள், மிச்சக் கானைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உது இவர் கரையில தந்த தண்ணியோ?"

"ஓம். மீன் கழுவினது. நல்ல பசளையாம்."

"அண்ணை, கரையில எந்தத் தண்ணியில மீன் கழுவுறவை?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அதுதான் வெட்கம். சின்ன வயதிலிருந்து அந்தக் கரைக்கு மீன் வாங்கப் போகிறேன். வாளியைக் கடலுக்குள் தாழ்த்தி அள்ளி, தொட்டிக்குள் ஊற்றி, அதில்தான் கழுவுவார்கள். அன்றைக்கும் என் கண்முன்னால்தான் அள்ளினான். கடலைச் சுற்றிவரப் பார்த்து வளர்ந்த மனிதன், வீட்டில் குடிக்கிற தண்ணீரையே தன் வாய்க்குக் கொடுக்காமல் ரோசாவுக்கு ஊற்றியவன், இரண்டு கான் கடலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

புருஷனும் வந்து சேர்ந்தான். தலையில் கையை வைத்தான்.

"நான் தென்னைக்கெண்டெல்லே நினைச்சனான்! தென்னைக்கு எல்லாரும் உப்புப் போடுறவை. ரோசாவுக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"நீர் எல்லாருக்கும் முன்னால சைவமோ எண்டு கேட்டால் நான் எப்பிடிச் சொல்லுறது?"

"சண்டையைப் பேந்து பிடியுங்கோ" என்றாள் அவள். "நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கழுவுங்கோ. அடி ஓட்டையால ஓட ஓட ஊத்த வேணும்."

பவுசர் வர இன்னும் இரண்டு நாள். சோளகக் காற்று வேறு சாடியை அடுப்பாக்கிக்கொண்டிருந்தது. குசினியில் இருந்த குடிதண்ணீர்க் கான் போனது. பிரிட்ஜில் இருந்த போத்தல்கள் போயின. தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்து ஆறிய கேத்தில் தண்ணீர் போனது. எதிர்வீட்டாரும் தங்கள் பங்கில் ஒரு கான் கொண்டுவந்து ஊற்றினார்கள். சாடிக்கு அடியால் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு ஊற்றினால் போதும்? உப்புப் போய்விட்டதா என்று எப்படி அறிவது?

அதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே வழி. குழம்புக்குச் செய்வதுதான். முழங்காலில் நின்று, ஓட்டையால் வந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"அண்ணை!" என்று அவள் அலறினாள். "அது மீன் தண்ணி! விரதமெல்லே!"

நான் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி இருந்தேன். அவள் புருஷன் வேலிக்கதியாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உப்பு எப்பிடி அண்ணை? புளி காணுமோ?"

துப்பினேன். வாய் கொப்பளிக்க வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. கிணற்றடிக்குப் போய் உவரில் கொப்பளித்தேன்.

பவுசர் வந்த பிறகும் கழுவினோம். ஆனாலும் ஒரு கிழமைக்குள் இலை முழுவதும் உதிர்ந்தது. மூன்று முள்ளுத்தடிகள் மிஞ்சின. இதற்கிடையில் பேத்தி பிறந்தாள். நான் மகிழ்ச்சியில் அழுதேன் என்று மகள் நினைத்தாள். உண்மையில் பாதிதான் அது. மீதிப் பாதி, குழந்தையைக் காட்டி முடித்ததும் மனைவி "ரோசாவைக் காட்டுங்கோ" என்று கேட்பாளே என்ற பயம்.

கேட்டாள். "சிக்னல் இழுக்குது" என்றேன். அடுத்த முறை, "போன் சூடாக் கிடக்கு." அதற்கடுத்த முறை பழைய பூ ஒன்றின் படத்தை அனுப்பிவிட்டு, பிறகுதான் பார்த்தேன்: படத்தின் மூலையில் மனைவியின் பாதிக் கை தெரிந்தது. "வடிவாய் இருக்கு" என்று மட்டும் பதில் போட்டாள்.

ஒரு மாதம் போனது. ஒரு காலை, சாடிக்குள்ளிருந்து பச்சைத் தளிர் ஒன்று! நாளுக்கு நாள் விறுவிறென்று வளர்ந்தது. எதிர்வீட்டுக்காரி கைதட்டினாள். நான் கந்தோரில் எல்லோருக்கும் வாய்ப்பன் வாங்கிக் கொடுத்தேன். அன்று நானாகவே மனைவிக்குக் கோல் எடுத்து, போனைத் தளிருக்கு மிகக் கிட்டவாகப் பிடித்தேன். மொட்டைத்தடிகள் தெரியாத கிட்டம்.

"இஞ்ச பாரும், உம்மட ரோசா எப்பிடிக் கொழிக்குதெண்டு!"

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டவாகக் கொண்டுவந்தாள்.

"ஒரு காம்பில எத்தினை இலை? எண்ணுங்கோ."

"ஏழு."

"எங்கட ரோசாவுக்கு அஞ்சு."

"நான் பாத்த பார்வையில ரெண்டு கூடிட்டுதாக்கும்."

"போனை அடியில பிடியுங்கோ. இன்னும் கீழ. ஓம், அது ஒட்டுக்குக் கீழ இருந்து வருது. அது காட்டுரோசா. பூக்காது, மேல இருக்கிறதை எழும்பவும் விடாது. வெட்டுங்கோ."

"ஐயோ, பச்சையா மிஞ்சினது உதொண்டுதான்!"

வாயிலிருந்து போய்விட்டது. பிடிக்க ஏலாது.

"தெரியும்" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"கடல் தண்ணி ஊத்தினது தெரியும். உப்புப் பாத்ததும் தெரியும். அண்டைக்கே எதிர்வீட்டுக்காரி வொய்ஸ் அனுப்பினவள். நானும் மகளும் சிரிச்ச சிரிப்பில பிள்ளை அண்டைக்கே பிறந்திருக்க வேண்டியது."

பின்னால் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆனா வெட்டினாப் பிறகு மேல வருமோ வராதோ எண்டு எனக்கும் தெரியாது. வெட்டாட்டிக் கட்டாயம் வராது. போனைக் கதிரையில சாத்திவச்சிட்டு வெட்டுங்கோ, நான் பாக்கிறன்."

கத்தரிக்கோலை எடுத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறவுங்கோ!" கனடாவிலிருந்து சத்தம் வந்தது. "விரல் போகப் போகுது!"

வெட்டினேன். மீண்டும் மூன்று தடிகள். எதிர்வீட்டுக்காரன் போகும்போதும் வரும்போதும் வேலிக்கு மேலால் கேட்பான்: "அண்ணை, சும்மாதானே நிக்குது, சாரத்தைக் காயப்போடுவமோ?" நான் தாளில் உள்ளபடி காலையில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றினேன். வேறொன்றும் ஊற்றவில்லை. யோசிக்கவும் இல்லை. சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அந்த நாட்களில்தான் விளங்கியது.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை தூறியது. மறுநாள் நடுத்தடியில் சிவப்பாகச் சின்னப் பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. இதற்குள் நீயுமா என்று, நகத்தால் சுண்டிவிட விரலை மடித்தேன். மடித்த விரல் அப்படியே நின்றது. பூச்சி அசையவில்லை. கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். பூச்சிக்குக் கால் இல்லை. நுனி இருந்தது. அது ஒட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. நான் மெல்ல மெல்லப் பின்னுக்கு நடந்து போய், விறாந்தைப் படியில் இருந்துகொண்டு, என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் உயிரோடுதான் நின்றோம்.

ஐப்பசியில் மனைவி வந்து இறங்கினாள். முகம்கூடக் கழுவாமல் நேரே சாடிக்குப் போனாள். அப்போது அந்தச் சிவப்பு நுனி ஒரு முழக் கிளையாகியிருந்தது. ஒரு காம்பை மெதுவாகப் பிடித்து இலைகளை எண்ணினாள். ஐந்து. அடுத்த காம்பும் ஐந்து.

"இண்டைக்கு உப்புப் பாத்தாச்சோ?" என்றாள். அவ்வளவுதான். நாலு மாதமாக நான் மனதுக்குள் எழுதிவைத்திருந்த மன்னிப்புக் கடிதம் முழுவதும் வீண்.

கார்த்திகை மழையில் பூத்தது. நான் கனவு கண்ட பத்து இல்லை. ஒன்றே ஒன்று. ஆனால் வாசம் கேற்றடி வரைக்கும் வந்தது. நடந்து போய்ப் பார்த்தேன். மனைவி மகளுக்குக் கோல் எடுத்தாள். அங்கே மகளின் மடியில் கிடந்த பேத்திக்குப் போனில் பூவைக் காட்டினாள்.

"இஞ்ச பார் செல்லம், உன்ர அம்மப்பா விரதத்தோட மீன் தண்ணி குடிச்சு வளத்த பூ!"

பேத்தி அம்மப்பாவையும் பூவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விட்டாள்.